முனீஸ்வரன் பிடித்த ஆர்கானிக் சுருட்டு

காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் பஞ்சம் இல்லை. தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு கோபுரத்தின் நிழலில்தான் விழ வேண்டும். ஆனாலும் போன தை மாதத்திலிருந்து ஊர்ச் சனம் அத்தனை கோபுரங்களையும் தாண்டிப் போய், செவிலிமேட்டுக்கு அப்பால், பாலாற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகையின் முன்னால் நின்றது. பைக் நிறுத்த இடம் இல்லை. மோர்க்கடை ஒன்று, பூக்கடை இரண்டு, செருப்புக்கு டோக்கன் போட ஒரு ஆள் என்று கொட்டகையைச் சுற்றி ஒரு குட்டி ஊரே முளைத்துவிட்டது.

கொட்டகைக்குள் சிமெண்டில் செய்த முனீஸ்வரன். உட்கார்ந்த கோலம், உருட்டு விழி, முறுக்கு மீசை, வாயில் சுருட்டு. முனீஸ்வரனுக்குச் சுருட்டு படைப்பது நம் பக்கத்து வழக்கம்தானே, இதில் என்ன அதிசயம் என்பீர்கள். மற்ற இடத்தில் படைப்பார்கள். இங்கே அவர் பிடித்தார். ஆள் யாரும் வாய் வைக்காமலே நுனி கனன்றது, மங்கியது, மறுபடி கனன்றது. சிமெண்ட் மூக்கின் இரண்டு துளைகளிலிருந்தும் புகை வந்தது. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அதுவும் எல்லாச் சுருட்டையும் பிடித்துவிட மாட்டார். ஆர்கானிக் சுருட்டு மட்டும்தான் பிடிப்பார். யூரியா போட்டு, பூச்சி மருந்து அடித்து வளர்த்த புகையிலை என்றால் பத்து எண்ணுவதற்குள் அணைந்துவிடும். தலைமுறை தலைமுறையாகக் கடைச் சுருட்டை மறு பேச்சு பேசாமல் ஏற்றுக்கொண்ட சாமிக்கு, செவிலிமேட்டில் மனை விலை ஏறிய பிறகு உடம்பைப் பற்றிய கவலை வந்துவிட்டது.

இந்த உண்மையை உலகுக்குச் சொன்னவர் பசும்புகைச் சித்தர். பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, கழுத்தில் காய்ந்த புகையிலையால் கட்டிய மாலை. சித்தராவதற்கு முன் அவர் பெயர் குமாரசாமி. மூட்டு வலி போக்கும் காந்தப் படுக்கை விற்றார். அதற்கும் முன்னால், குடித்தால் கண்பார்வை திரும்பும் செம்புத் தண்ணீர். காந்தமும் செம்பும் கைவிட்ட பிறகு புகை கைகொடுத்தது.

"புகை கெட்டதுன்னு எவன் சொன்னான்?" என்று கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். "கெமிக்கல் கெட்டது. நம்ம சுருட்டு பஞ்சகவ்யத்துல வளந்தது. உள்ள போற புகை நுரையீரலைக் கழுவிட்டு வரும். காலைல ரெண்டு, மத்தியானம் ரெண்டு, ராத்திரி ரெண்டு. ஆகாரத்துக்கு அப்புறம் புடிங்க."

மாத்திரைச் சீட்டு எழுதுகிற மாதிரியே சொல்வார். பச்சைத் தாள் சுற்றிய சுருட்டுகளைச் சனம் கட்டுக் கட்டாக முண்டியடித்து வாங்கிப்போகும். யூடியூப் சேனல் நடத்தும் விக்ரம் என்ற இளைஞர் ஒன்றைப் பற்றவைத்து, "ப்ரோ, அந்த மண் வாசம் இருக்குதே, வேற லெவல் ப்ரோ" என்று ஊருக்கே சொன்னார். இடையில் மூன்று முறை இருமினார். அதை வெட்டிவிட்டுத்தான் வீடியோவைப் போட்டார்.

இருந்தாலும் எங்கள் நெசவுச் சனத்தை இப்படிச் சுலபமாக மடக்கிவிட முடியாது. பட்டில் நடக்கும் ஏமாற்று வேலையைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள். பட்டு என்று சொல்லி எதைக் கொடுத்தாலும் ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டிவிடுவார்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடியாக உதிர்ந்தால் பட்டு. உருகிக் கெட்டி உருண்டையாக நின்றால் பிளாஸ்டிக். இதில் அவர்களை யாரும் ஏய்க்க முடியாது. சித்தர் கெட்டிக்காரர். அந்த இடத்திலேயே கையை வைத்தார்.

"நெசவாளருங்களுக்கு நான் இன்னா சொல்லித் தர்றது? நெருப்புல காட்டுனா அசலும் போலியும் தெரிஞ்சிடும்னு உங்களுக்குத் தெரியாததா? இங்க நடக்கறதும் அதே சோதனைதாம்பா."

அவ்வளவுதான். நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையம் மொத்தமும் தலையாட்டியது. அசல் பட்டு, நெருப்பை விலக்கினால் தானாக அணைந்துவிடும் என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். சித்தரின் சோதனையிலோ, அணையாததுதான் அசல். நம் சோதனை தலைகீழாக நிற்கிறதே என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நம் தொழிலை ஒருவர் புகழ்ந்து பேசினால் நமக்குக் காது மட்டும்தான் வேலை செய்யும்.

அப்படித் தலையாட்டியவர்களில் ஒருவர் பஞ்சாட்சரம். ஐம்பத்தாறு வயது, நாற்பது வருடத் தறி. தறிக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்பதால், ஒரு முழம் நெய்ததும் வாசலுக்கு வந்து ஒரு சுருட்டு பிடித்துவிட்டுப் போவார். போன வருடம் மூச்சு அடைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். "பாதி நுரையீரல்தான் வேலை செய்யுது. மிச்சத்தைக் காப்பாத்திக்கணும்னா சுருட்டை இன்னிக்கே விடுங்க. இல்லன்னா அடுத்த வருஷம் ஆக்சிஜன் சிலிண்டரோடதான் நடக்கணும்" என்றார். பஞ்சாட்சரம் விட்டார். உண்மையாகவே விட்டார். நாற்பத்திரண்டு நாள். கைகள் நடுங்கின, எரிந்து விழுந்தார், ஆனாலும் தொடவில்லை. மனைவி கலாவதி நாள்காட்டியில் ஒவ்வொரு நாளையும் மஞ்சளால் வட்டமிட்டு வந்தார்.

நாற்பத்து மூன்றாம் நாள் சித்தர் வந்து சேர்ந்தார். பஞ்சாட்சரம் ஆறு சுருட்டோடு வீட்டுக்கு வந்தார்.

"இன்னாங்க இது? டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கலாவதி கேட்டார்.

"டாக்டர் சொன்னது கெமிக்கல் சுருட்டும்மா. இது ஆர்கானிக். இது வேற."

"வேறன்னா ஏன் இப்பிடி இருமுறீங்க?"

"உள்ள இருக்கற கசடு வெளிய வருது. மொத மூணு மாசம் அப்பிடித்தான் வரும்னு சித்தரே சொல்லிட்டாரு."

எவ்வளவு வசதியான மருந்து பாருங்கள். இருமல் வந்தால் வேலை செய்கிறது. நின்றால் குணமாக்கிவிட்டது. ஆளே நின்றுபோனால் கேள்வி கேட்க ஆள் இல்லை.

கலாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் வந்தது. தறிக் குழிக்குள் இறங்கும் இரண்டு படிக்கே மனிதர் மூச்சு வாங்குவதை அவர்தான் பக்கத்தில் இருந்து பார்க்கிறார். கெஞ்சினார், திட்டினார், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தார். "நெருப்புச் சோதனையைக் கண்ணால பாத்துட்டு அப்பறம் பேசு" என்பதே பதில். சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார். கடைச் சுருட்டு அணைந்தது. பச்சைத்தாள் சுருட்டை முனீஸ்வரன் சுகமாகப் பிடித்தார். கலாவதி வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தார்.

மறுநாள் வீட்டுக்குப் புதிதாகப் பட்டு நூல் வந்து இறங்கியது. வியாபாரி ஒரு இழையை உருவி, "எரிச்சுப் பாத்துக்கம்மா" என்று நீட்டினார். கலாவதி அதை வாங்கவில்லை. கட்டுக்கு நடுவில் கையை விட்டு, தனக்குத் தோன்றிய இடத்திலிருந்து ஒரு இழையைத் தானே உருவினார். முப்பது வருடப் பழக்கம். விற்பவன் உருவிக் கொடுக்கும் இழையை நெசவுக்காரர் யாரும் எரிப்பதில்லை. தீக்குச்சியைக் கிழித்தவர் அப்படியே நின்றுவிட்டார். செவிலிமேட்டில் எந்தச் சுருட்டு எது என்று முகர்ந்து சொல்வது யார்? பற்றவைப்பது யார்? வாயில் செருகுவது யார்? மூன்றும் விற்பவர்தான்.

குச்சி விரலைச் சுட்டதும் உதறிவிட்டு, பஞ்சாட்சரத்தின் கட்டிலிருந்து ஒரு சுருட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, நேராகச் செல்லியம்மாள் கடைக்குப் போனார்.

ஓரிக்கைக்குப் போகும் சாலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே செல்லியம்மாளின் பெட்டிக்கடை. சித்தரின் சோதனைக்கு 'விஷச் சுருட்டு' இங்கிருந்துதான் போகிறது.

"உன் சரக்கைத் தெனம் விஷம்னு காட்றாங்களே, கோவம் வரலியா?" என்று கலாவதி கேட்டார்.

"நான் விக்கறது விஷந்தாம்மா. இல்லன்னு நான் எப்ப சொன்னேன்? கட்டு மேல புண்ணுப் படமே போட்டிருக்குது" என்றார் செல்லியம்மாள். "சித்தர் வந்ததுலருந்து யாவாரம் ஏறிப்போச்சு. பரீட்சைக்கு ஆளுக்கு ஒண்ணு வாங்கினு போறாங்க. இன்னா வேணும் உனக்கு?"

"ஒரு விஷமும் ஒரு கால் மணி நேரமும் வேணும்."

கலாவதி முந்தானையிலிருந்து சித்தரின் பச்சைத்தாள் சுருட்டு ஒன்றை எடுத்தார். கடைச் சுருட்டுக்குச் சிவப்புத் தாள். இரண்டையும் டீ போடும் பாத்திரத்தின் ஆவியில் காட்டியதும் பசை இளகியது. பச்சைத் தாளைக் கடைச் சுருட்டுக்கும் சிவப்புத் தாளைச் சித்தர் சுருட்டுக்கும் மாற்றி ஒட்டினார். பிறகு, இப்போது பச்சைத் தாள் போட்டுக்கொண்ட கடைச் சுருட்டின் வாய் வைக்கும் முனைக்குள் ஊசியால் ஒரு அரக்கு நிறப் பட்டு இழையைச் செருகினார். செல்லியம்மாள் எல்லாவற்றையும் தன் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டார். "இதுக்கு நானும் வர்றேன். அன்னிக்கு ஒரு நாள் கடை மூடிக் கெடக்கட்டும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. கொட்டகை நிரம்பி வழிந்தது. விக்ரம் போனைக் கம்பில் மாட்டி லைவ் ஓட்டிக்கொண்டிருந்தார். பஞ்சாட்சரம் முன் வரிசையில், மனைவிக்கும் பக்தி வந்துவிட்ட சந்தோஷத்தில் நின்றார். கலாவதி இரண்டு சுருட்டுகளையும் தட்டில் வைத்து நீட்டினார்.

சித்தர் சிவப்புத் தாள் சுருட்டை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனார். முகம் கோணியது. "த்தூ. யூரியா. ஒரே யூரியா நாத்தம்" என்று கொட்டகை அதிரச் சொன்னார். அவர் நாறுகிறது என்று சொன்னது அவருடைய சொந்தச் சரக்கு. அதைப் பற்றவைத்து முனீஸ்வரன் வாயில் செருகினார். பத்து எண்ணுவதற்குள் அணைந்தது.

அடுத்து பச்சைத் தாள். கண்ணை மூடி நீளமாக முகர்ந்தார். "பசுஞ்சாணம். அப்பிடியே பசுஞ்சாணத்து வாசம். தாய்ப்பால் மாதிரி" என்று உருகினார். செல்லியம்மாள் கடைச் சரக்குக்கு அப்படி ஒரு பாராட்டு அதுவரை கிடைத்ததில்லை. வாயில் செருகியதும் முனீஸ்வரன் இழுத்தார் பாருங்கள். நுனி தகதகத்தது. மூக்கிலிருந்து புகை கொட்டியது. சனம் கையெடுத்துக் கும்பிட்டது.

கலாவதி கும்பிடவில்லை. எட்டி, சாமி வாயிலிருந்து சுருட்டை உருவினார்.

"பாவம்மா அது. வாய்ல இருக்கறதை எடுக்கக் கூடாது" என்று சித்தர் பதறினார்.

கலாவதி நெருப்பைத் தரையில் தேய்த்து அணைத்து, மறுமுனையைப் பிளந்தார். உள்ளிருந்து அரக்குப் பட்டு இழை நீளமாக வந்தது. அதை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். "இது செல்லியம்மா கடைச் சுருட்டு. தாளை மாத்தி ஒட்டி, அடையாளத்துக்கு இந்த இழையை நான்தான் வெச்சேன். மொதல்ல யூரியா நாத்தம்னு சொன்னாரே, அதுதான் இவரோட ஆர்கானிக்."

செல்லியம்மாள் போனை நீட்டினார். விக்ரம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு லைவிலும் காட்டினார்.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம்புவது என்று முடிவு செய்துவிட்டவர்களை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். சித்தர் ஒரு நிமிடம் கண்ணை மூடினார். திறந்தபோது கண்ணில் நீர் இருந்தது. "தாயி, உன் ஒருத்தி பக்திக்காக ஐயன் இன்னிக்கு விஷத்தையும் ஏத்துக்கினாரு. பாத்தீங்களா அவரு கருணையை" என்றார். சனம் கை தட்டியது. பஞ்சாட்சரமும் தட்டினார். கலாவதி அதைப் பார்த்தார். தாலி கட்டிய மனிதர், தன் மூச்சைப் பிடுங்குகிறவனுக்குக் கை தட்டுகிறார்.

கலாவதி குரலை உயர்த்தாமல் சொன்னார்: "சரி சாமி. இன்னும் ஒரே ஒரு தபா பாத்துடலாம். இதோ புதுசா ரெண்டு. ரெண்டுலயும் தாளே இல்ல, உரிச்சிட்டேன். எது எதுன்னு நீங்க சொல்ல வேணாம். மோந்தும் பாக்க வேணாம். வாயைத் தொறக்காம வையுங்க. சாமியே சொல்லட்டும்."

"ஐயன் களைச்சிட்டாரு. அடுத்த வாரம் பாக்கலாம்."

"ப்ரோ, லைவ்ல மூவாயிரம் பேர் பாத்துக்கினு இருக்காங்க" என்றார் விக்ரம்.

மூவாயிரம் பேர் என்றதும் சித்தரால் பின்வாங்க முடியவில்லை. ஒரு சுருட்டை எடுத்தார். இரண்டு சுருட்டும் ஒரே நிறம், ஒரே தடிமன். பற்றவைத்துச் செருகினார். யூரியா என்று சொல்வதா, பசுஞ்சாணம் என்று சொல்வதா? எது என்று அவருக்கே தெரியவில்லை.

முனீஸ்வரனுக்கும் குழப்பம் வந்துவிட்டது. லேசாக ஒரு இழுப்பு இழுத்தார். நிறுத்தினார். மறுபடி அவசரமாக இரண்டு இழுப்பு. அப்புறம் விக்கல் வந்தவர் போல விட்டு விட்டு இழுத்தார். ஒரு மூக்கில் மட்டும் புகை வந்தது. கொட்டகையில் அவ்வளவு அமைதி இருந்ததால், சாமியின் வயிற்றுக்குள் ஏதோ 'கர்ர்' என்று ஓடுவதும் நிற்பதும் முதல் தடவையாக எல்லார் காதிலும் விழுந்தது. அப்போது சிலைக்குப் பின்னால் கட்டியிருந்த பச்சைத் திரைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"மாமா, நீ ஒண்ணுமே சொல்லலியே. ஓட்றதா, நிறுத்தறதா?"

விக்ரம் திரையை விலக்கினார். உள்ளே ஸ்டூலில் சித்தரின் மைத்துனர் பழனி, ஒரு கையில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது மனிதர். காலுக்கடியில் தையல் மெஷின் பெடல். அதிலிருந்து ஒயர், மீன் தொட்டிக்குக் காற்று விடும் மோட்டாருக்குப் போனது. அதைக் காற்றை உறிஞ்சும்படி மாற்றி, முனீஸ்வரனின் பின்தலைக்குள் ரப்பர் குழாய் செருகியிருந்தார்கள். உறிஞ்சிய புகை இன்னொரு குழாய் வழியாக மூக்குக்குப் போனது. 'பசுஞ்சாணம்' என்ற சொல் காதில் விழுந்தால் பழனி பெடலை மிதிப்பார். 'யூரியா' என்றால் காலை எடுப்பார். அவருக்குத் தெரிந்த வேதம் இந்த இரண்டு சொல்தான்.

போலீஸ் வருவதற்குள் சித்தர் பச்சை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வயல் வரப்பில் ஓடிப் போய் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டார். பழனி மட்டும் அகப்பட்டார். கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் ஒரு அம்மா அந்த மீன் தொட்டி மோட்டாருக்கும் ஒரு பொட்டு குங்குமம் வைத்துவிட்டுப் போனார். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

சாயங்காலம் கலாவதி வீட்டுக்கு வந்தபோது பஞ்சாட்சரம் வாசலில் உட்கார்ந்து பச்சைத்தாள் சுருட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இன்னாங்க?"

"அவன் ஃப்ராடுதான். நான் இல்லன்னு சொல்லல. மோட்டார் வெச்சு ஏமாத்திட்டான்" என்று சொல்லி முடிப்பதற்குள் இருமினார். "ஆனா சரக்கு நெஜம்மா ஆர்கானிக்தானாம். அந்த விக்ரம் பையனே விசாரிச்சு வீடியோ போட்டிருக்கான். வேதாரண்யம் பக்கம் எவரோ நல்ல மனுஷன் சாணி உரம் போட்டு வளக்கறாராம். பூச்சி மருந்தே அடிக்கலியாம்."

இதுதான் இந்தக் கதையில் பெரிய வேடிக்கை. சித்தர் வாயைத் திறந்து சொன்னவற்றில் அது ஒன்றுதான் நிஜம். புகையிலை அசல் ஆர்கானிக். பொய்யைப் பிடித்துவிடலாம். இந்த மாதிரி நிஜத்தைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

கலாவதி அழவில்லை, கத்தவில்லை. இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்களே பண்ணுங்க. இதுல உங்க ஆர்கானிக் ரெண்டு கிள்ளிப் போடுங்க. அதுல செல்லியம்மா கடைச் சுருட்டு ரெண்டு. ஊறட்டும்."

"எதுக்கு?"

"காலைல சொல்றேன்."

வீட்டின் பின்பக்கம் ஒரு அவரைப் பந்தல். ஒரு மாதமாக அதில் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தது. விரல் வைக்க இடமில்லை. காலையில் பஞ்சாட்சரமே இரண்டு தண்ணீரையும் வடிகட்டி, ஒவ்வொன்றிலும் துளி சோப்புக் கரைத்து, பந்தலின் இடது பாதிக்கு ஆர்கானிக், வலது பாதிக்குக் கடைச் சரக்கு என்று தன் கையாலேயே தெளித்தார். மத்தியானம் தறியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். இலையை அசைத்தார். பூச்சிகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. இடது பக்கமும் உதிர்ந்தன. வலது பக்கமும் உதிர்ந்தன. ஒன்றுகூட நகரவில்லை.

கலாவதி பின்னால் வந்து நின்றார். "பூச்சி மருந்து அடிக்காத பொகையிலைன்னு சொன்னீங்க. அதுக்கு எதுக்குங்க பூச்சி மருந்து? அதுவேதான் பூச்சி மருந்து. நூறு வருஷமா வெவசாயிங்க தெளிச்சினு இருக்காங்க." இரண்டு பக்கத்தையும் கையால் காட்டினார். "இந்தப் பக்கம் ஆர்கானிக், அந்தப் பக்கம் கெமிக்கல். எந்தப் பக்கத்துப் பூச்சி சொகமா செத்துச்சுன்னு பாத்துச் சொல்லுங்க."

பஞ்சாட்சரம் குனிந்து பந்தலின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். மூச்சு விடும்போது அவர் நெஞ்சுக்குள் விசில் சத்தம் வந்தது. அவர் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். உள்ளே போய்ப் பச்சைத்தாள் கட்டு முழுவதையும் எடுத்து வந்தார். ஒவ்வொன்றாகக் கிள்ளி வாளித் தண்ணீரில் போட்டார். கலாவதி உதவிக்குப் போகவில்லை.

"எனக்கு மறுபடியும் மொதல்லருந்து நாப்பது நாள் ஆவும்மா" என்றார், தலை நிமிராமல்.

"ஆவட்டும். நான் இங்கதான இருக்கேன்."

அவரைப் பந்தல் இப்போது அமோகமாகக் காய்க்கிறது. அதில் செத்த பூச்சிகளைப் பற்றி எனக்கு ஒரு மரியாதையே உண்டு. மேலே தெளித்தார்கள், தப்பிக்க வழியில்லை, செத்தன. வரிசையில் நின்று, முண்டியடித்து, கும்பிட்டு, விலை கொடுத்து வாங்கி, 'இது நல்ல விஷமா' என்று கேட்டுக் கேட்டு ஒரு பூச்சிகூடக் குடிக்கவில்லை. யோசிக்கத் தெரிந்த பிராணி என்று பெயர் வாங்கி வைத்திருப்பது நாம். வாங்கிய பெயருக்காவது ஒருநாள் யோசித்துப் பார்க்கலாம்.